வித்தியாசத்தை மூடி மறைக்காதீர்கள்

நம் அன்பர்களில் சிறுதொழில் நடத்தும் பலர் டாலியில்தான் கணக்கு எழுதுகிறார்கள். மாதக் கடைசியில் வங்கி இருப்பும் கணக்கு இருப்பும் ஒத்துப்போகாவிட்டால், வித்தியாசத்தை ‘சஸ்பென்ஸ்’ கணக்கில் தள்ளிவிட்டு நிம்மதி அடைகிறார்கள் சிலர். இது சரியல்ல. தண்டவாளத்தில் விரிசல் கண்டால் பெயிண்ட் அடித்து மூடிவிட்டு வண்டியை விடுவோமா?

தேடுவதற்கு வழி உண்டு. கடைசியாக ஒத்துப்போன மாதத்திலிருந்து தொடங்குங்கள். வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 6,840 ரூபாயை 6,480 என்று எழுதினால் 360 உதைக்கும். வித்தியாசத்தில் சரிபாதித் தொகைக்கு ஒரு பதிவு இருந்தால், வரவு பற்றாகியிருக்கலாம். வங்கிக் கட்டணத்தையும், கார்டு வசூலில் பிடித்த கமிஷனையும் பாருங்கள். 2012 ஏப்ரல் முதல் காசோலைக்கு ஆயுள் மூன்றே மாதம்; அதற்கு மேலும் பணமாகாமல் நிற்பவற்றை விசாரியுங்கள்.

நூறு ரூபாய்தானே என்று விடாதீர்கள். 50,000 ரூபாய் வரவு விடுபட்டு, 49,900 ரூபாய் வரவு இருமுறை ஏறியிருந்தாலும் வித்தியாசம் நூறுதான்!

கம்ப்யூட்டர் கூட்டும், கழிக்கும். வங்கித் தாளை வைத்துக்கொண்டு வரிவரியாக ஒப்பிடுவது முதலாளியின் வேலை.