அயல்நாட்டுத் தேர்தலும் நம் பத்திரிகைகளும்

பத்திரிகை உலகத்தின் கண் என்று பள்ளிக்கூடத்தில் நாம் யாவரும் கட்டுரை எழுதி மதிப்பெண் பெற்றவர்களே. அக்கண் அயல்நாட்டுத் தேர்தலின்மேற் செல்லும்போது எதைக் காண்கின்றது, எதைக் காணாது விடுகின்றது என்பதைப்பற்றிப் பனியன் தொழிலால் உயிர்வாழும் திருப்பூரிலிருந்து சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன். நடுநிலைமை பேச நான் வரவில்லை. இவ்விஷயத்தில் எனக்கும் ஒரு கட்சி உண்டு. அஃது இன்னதென்பது போகப்போக விளங்கும்.

2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் காதர்பேட்டைத் தேநீர்க்கடையொன்றில் நான் அமர்ந்திருந்தேன். டெய்லர் ஒருவர் கையிற் கைப்பேசியுடன் எழுந்து நின்று, "ஏனுங்க, அமெரிக்காவுல பிரசிடெண்டுக்கு நிக்கறவரு தமிழ்ல பேசறாருங்க, பாருங்க!" என்று கூவினார். கடையிலிருந்தோர் அனைவரும் அவரைச் சூழ்ந்துகொண்டனர். குடியரசுக் கட்சியின் அபேட்சகராக முயன்ற விவேக் ராமசாமி, பாலக்காட்டிலிருந்து சென்ற தமிழ் பேசும் குடும்பத்தின் மைந்தர். தேர்தற் கூட்டமொன்றில் வேலூர்க்காரர் ஒருவர் வினவ, அவர் தமிழில் விடையிறுத்தார். அக்காட்சி நம் நாடெங்கும் பரவியது. எனக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது; அதை மறைப்பானேன்?

அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னர், ஒவ்வொரு பெருங்கட்சியும் தன் அபேட்சகர் யாவர் என்பதை மாகாணந்தோறும் வாக்கெடுத்து முடிவு செய்யும். அதுவே பூர்வாங்கத் தேர்தல். குடியரசுக் கட்சியார் 2024 ஜனவரி 15-ஆம் தேதி அயோவா மாகாணத்தில் அதனைத் தொடங்கினர். டொனால்டு ட்ரம்ப் பாதிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார். நம் ராமசாமி நான்காம் இடத்தை எய்தி, அன்றிரவே போட்டியினின்று விலகித் தம் ஆதரவை ட்ரம்புக்கே அளித்தார். பஞ்சாபிப் பெற்றோர்க்குப் பிறந்த நிக்கி ஹேலி அம்மையார் மட்டும் மார்ச் 6-ஆம் தேதி வரையில் எதிர்த்து நின்றார்.

இவ்வளவும் நம் பத்திரிகைகளில் வந்தன. யார் முந்தினார், யார் பிந்தினார், யாருடைய பாட்டனார் எவ்வூரினர், யார் வீட்டில் இட்டலி உண்பர் என்பன யாவும் அறிந்தோம். நாம் அறியாது விட்டது ஒன்று. 2023 ஆகஸ்டிலேயே ட்ரம்ப், தாம் பதவிக்கு வரின் அந்நாட்டினுட் புகும் பொருள்கள் யாவற்றின்மீதும் நூற்றுக்கு 10 வீதம் சுங்கவரி விதிக்கலாமென்று ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் வெளிப்படையாகக் கூறியிருந்தார். இந்தியா அமெரிக்கப் பொருள்களுக்கு மிகுந்த வரி விதிக்கின்றதென்றும், பதிலுக்குப் பதில் செய்ய வேண்டுமென்றும் பெயர் குறித்தே பேசினார். ஹேலி அம்மையார், அவ்வரி அமெரிக்கக் குடும்பங்களின் செலவையே ஏற்றும் என்று எதிர்த்துரைத்தார். பூர்வாங்கப் போட்டியில் திருப்பூரின் அடுப்பெரிவதைப்பற்றிய வழக்கு இஃதொன்றே. அவ்வழக்கு நடந்துகொண்டிருந்தபோது நாம் ஒரு வாதியின் குலமுறை கிளத்திக்கொண்டிருந்தோம்.

சுங்கவரியைப்பற்றி ஒரு சொல்லும் அச்சாகவில்லை என்று நான் சாதிக்கவில்லை. ஆங்கில வர்த்தகப் பத்திரிகைகளில் வந்தது. தமிழிலும் உட்பக்கங்களில் வந்திருக்கலாம். ஆனால் தேநீர்க்கடை மேசையில் விரித்து வைக்கப்படும் பக்கத்தில், கட்டிங் மாஸ்டரும் செக்கிங் பெண்களும் படிக்கும் எழுத்தில், "இவர் வென்றால் உன் ஷிப்ட் குறையும்" என்று எவரும் எழுதக் காணேன்.

திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தை எடுத்துக்கொள்வோம். கமலா ஹாரிஸ் அம்மையாரின் தாய்வழிப் பாட்டனார் பிறந்த அச்சிற்றூருக்கு 2020-லும் 2024-லும் எத்தனை நிருபர்கள் சென்றனர்! சாஸ்தா கோயிலில் நடந்த அபிஷேகமும், நன்கொடையாளர் கல்வெட்டில் அவர் பெயர் இருப்பதும், வழியெங்கும் கட்டிய பதாகைகளும் படமாக வந்தன. 2019 டிசம்பரிலேயே அவ்வம்மையார் பூர்வாங்கப் போட்டியினின்று விலகியவர். 2024-ல் பைடன் ஜூலை 21-ஆம் தேதி ஒதுங்கியதால் அப்போட்டியில் நில்லாமலே அபேட்சகரானவர். இந்நுட்பத்தை விளக்கியோர் சிலரே. ட்ரம்பின் சுங்கவரி குடிமக்கள்மேல் விழும் விற்பனை வரியேயாகும் என்று அவர் மேடைதோறும் முழங்கியதைத் துளசேந்திரபுரத்துக் கோயில் மணியோசை விழுங்கிவிட்டது.

கட்சிக்குட் போட்டி என்பது நமக்குப் பழக்கமில்லாத வழக்கம், ஆதலால் பத்திரிகைகளுக்கு எழுதத் தெரியவில்லை என்பாரும் உளர். அது பொருந்தாது. 1939 ஜனவரி 29-ஆம் தேதி நடந்த காங்கிரஸ் தலைவர் தேர்தலில் சுபாஷ் சந்திர போஸ் 1580 வாக்கும் பட்டாபி சீதாராமையா 1377 வாக்கும் பெற்றனர். அதற்கு முந்திய நாட்களில் அப்போட்டி பெரும்பாலும் பத்திரிகை அறிக்கைகளாலேயே நடந்தது. போஸ் தம் காரணங்களைக் கூறி அறிக்கை விடுத்தார். வல்லபபாய் படேல் முதலிய காரியக் கமிட்டியார் அதை மறுத்து விடுத்தனர். பட்டாபியும் ஒன்று விடுத்தார். போஸ் மீண்டும் விடையிறுத்தார். சமஷ்டித் திட்டத்தை எவ்வாறு எதிர்ப்பது என்பதே அவ்வழக்கின் உயிர்நிலை. அவ்வறிக்கைகளைப் படித்த ஒருவன், தான் எப்பக்கம் நின்றாலும், எதைக் குறித்துப் போர் நடக்கின்றது என்பதை அறிந்திருப்பான்.

குற்றம் முழுவதும் நம்மவர் தலையில் ஏற்றுதலும் நீதியன்று. நம் பத்திரிகைகளிற் பல, அயல்நாட்டுச் செய்தியை அயல்நாட்டாரிடமிருந்தே பெறுகின்றன. அங்கோ தேர்தல் குதிரைப்பந்தயமாகிப் பல காலமாயிற்று. 2016-ஆம் ஆண்டுப் பூர்வாங்கத் தேர்தலின்போது, சீ.பி.எஸ். தொலைக்காட்சியின் தலைவராயிருந்த லெஸ்லி மூன்வெஸ், ட்ரம்பால் நிகழும் ஆரவாரம் நாட்டுக்கு நன்மையாகாதிருக்கலாம், தம் கம்பெனிக்கு மிக நன்மை என்று முதலீட்டாளர் கூட்டத்திற் கூசாது கூறினார். விளம்பரம் விற்போன் நோக்கில் சமைத்த உணவை நாம் வாங்கி, அதன்மேல் உறவுமுறை என்னும் கறிவேப்பிலையைத் தூவிப் பரிமாறினோம்.

பிறகு நடந்தது யாவரும் அறிந்ததே. 2025 ஏப்ரல் 2-ஆம் தேதி இந்தியப் பொருள்களுக்கு நூற்றுக்கு 26 வீதம் என்ற அறிவிப்பு வந்தது. அது சில நாட்களில் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டு 7-ஆம் தேதி 25 ஆயிற்று. ருஷிய எண்ணெய் வாங்குவதைக் காரணங்காட்டி ஆகஸ்டு 27-ஆம் தேதி மேலும் 25 ஏறிற்று. பருத்தி டீ-சட்டைக்கு முன்னரே 16.5 வீதம் வரி உண்டு. எல்லாம் கூட்டினால் நூறு ரூபாய்ச் சரக்குக்கு அறுபத்தாறரை ரூபாய் வரி! வங்காள தேசத்துக்கும் வியட்நாமுக்கும் விதித்த கூடுதல் வரி அப்பொழுது 20 வீதமே. 2024-25-ல் திருப்பூரின் ஏற்றுமதி ஏறத்தாழ 45,000 கோடி ரூபாய். அதில் மூன்றிலொரு பங்களவு அமெரிக்காவுக்குச் சென்றது. அவ்வரியின் கதி பின்னர் எவ்வாறாயினும், அந்தச் சில மாதங்களில் இவ்வூர் பட்ட பாடு எழுத்தில் அடங்காது.

நான் கணக்கெழுதும் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் ஓடிய வேலை ஒன்றாகக் குறைந்தது. அட்டைப்பெட்டிகள் கிடங்கில் உத்தரம்வரை அடுக்கப்பட்டிருந்தன. பெருமாநல்லூரிலிருந்து வரும் செக்கிங் அம்மாள் ஒருவர், சனிக்கிழமைச் சம்பளத்தை இருமுறை எண்ணிவிட்டு என்னை நோக்கி, "ஏஞ்சாமி, நீ தினமும் பேப்பர் படிக்கிறயே, இப்படி வரும்னு முன்னாடியே அதுல போடலியா?" என்று கேட்டார். விவேக் ராமசாமி பேசிய தமிழ் எனக்கு மனப்பாடமாயிருந்தது. அந்த அம்மாளுக்குக் கூற விடை இல்லை.

முன்னரே அறிந்திருந்தால் என்ன செய்திருப்பீர்? உங்களுக்கு அங்கே வாக்குரிமையுண்டோ? என்று நண்பர் ஒருவர் கேட்டார். வாக்குரிமை இல்லைதான். மழையைத் தடுக்கவும் நமக்கு உரிமையில்லை. ஆயினும் வானிலை அறிக்கை கேட்டுத்தானே நெல்லைக் காயப்போடுகிறோம்! ஒரே நாட்டு பையரை நம்பிக் கடன் வாங்கிக் கூடுதல் மிஷின் போட்ட சிறு முதலாளிகள் சிலர் சற்றுத் தயங்கியிருப்பர். சிலர் ஐரோப்பிய ஆர்டருக்கு ஓராண்டு முன்பே அலைந்திருப்பர். மகளின் திருமணத்தைக் கடன் வாங்கி முடித்த டெய்லர், தவணையைச் சற்று நீட்டிக் கேட்டிருப்பார்.

என் கட்சி பனியன் கட்சி. சொந்த ஊர் எதுவாயினும், சுங்கவரியை எதிர்த்துப் பேசியவரே அப்போட்டியில் எமக்கு உறவினர். நம் மொழியில் நான்கு வார்த்தை பேசிவிட்டு வரி போடுபவர் பின் சென்றவர் அல்லர். இதைப் பக்கச்சார்பு என்று கூறுவோர் கூறட்டும். உறவு தேடி எழுதியதும் பக்கச்சார்பே. அதனாற் பயனில்லை என்பதுதான் வேறுபாடு.

2028-ஆம் ஆண்டுத் தேர்தலுக்குரிய பூர்வாங்கப் போட்டி 2027-லேயே சூடேறிவிடும். துணை ஜனாதிபதி வான்ஸின் மனைவியார் உஷா அம்மையாரின் முன்னோர் ஊராகிய ஆந்திரத்து வட்லூருக்கு 2024 ஜூலையிலேயே நிருபர்கள் போய் வந்துவிட்டனர். நம் கல்லூரியிற் படித்துப் பத்திரிகைத் தொழில் புரியும் நண்பர்கள் சிலர் இம்மலரைக் காண்பர் என்று நம்புகிறேன். வட்லூரைப்பற்றித் தாராளமாக எழுதுக. கூடவே, ஒவ்வோர் அபேட்சகரின் படத்துக்குங் கீழே, பருத்திப் பனியனுக்கு அவர் போட நினைக்கும் வரி எவ்வளவு என்று ஒரு வரி எழுதுக. காதர்பேட்டைத் தேநீர்க்கடையில் அதைப் படித்துக் காட்டும் பொறுப்பு என்னுடையது.