துளசியைப் பறிங்க, பாவம் ஒண்ணும் வராது

மக்களே, ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ரொம்ப அதிகம். அதான் இந்தப் பக்கம் ஆளைக் காணோம். இன்னைக்கு துளசிச் செடி பத்தி ஒரு பதிவு. "உனக்கு எதுக்குடா இந்த வேலை"ன்னு நீங்க கேக்குறது காதுல விழுது. காரணம் இருக்கு.

போன வருஷம் அப்பாவுக்கு திடீர்னு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வச்சாங்க. இப்ப நல்லா இருக்கார், தினமும் வாக்கிங் போறார். ஆனா அன்னைக்கு ஐசியு வாசல்ல உக்காந்துகிட்டு அம்மா சொன்னது இன்னும் மனசை விட்டுப் போகல. "பத்து நாள் முன்னாடியே துளசி காஞ்சுபோச்சுடா. நான்தான் சரியா பாத்துக்கல. அப்பவே ஏதோ நடக்கப்போகுதுன்னு தோணுச்சு." அப்பாவோட முப்பது வருஷ சிகரெட் மேல அவங்களுக்கு சந்தேகமே வரல. தப்பு தன்னோடதுன்னு முடிவு பண்ணிட்டாங்க.

வீட்டுக்கு வந்ததும் நேரா பால்கனிக்குப் போய் அந்தத் தொட்டியைப் பாத்தேன். செடிக்கு மூணு வயசு. அடித்தண்டு சுள்ளி மாதிரி கட்டையாகிப் போயிருந்துச்சு. ஒவ்வொரு கிளை நுனியிலயும் காஞ்சுபோன பூங்கதிர். தொட்டிக்குக் கீழ வச்ச தட்டு நிறைய தண்ணி. பிடுங்கிப் பாத்தா வேரெல்லாம் கறுத்து, அழுகின நாத்தம். அம்மா தினமும் குளிச்சிட்டு வந்து ஒரு செம்பு தண்ணி ஊத்துவாங்க, மழை பெஞ்ச நாள்ல கூட. ஆனா ஒரு இலை பறிக்க மாட்டாங்க. பாவமாம்.

அங்கதான் எனக்கு சண்டையே. துளசியும் புதினா குடும்பம்தான். தண்டைத் தொட்டுப் பாருங்க, ரெண்டுக்குமே சதுரமா இருக்கும். புதினாவைத் துவையலுக்கு ஒட்ட நறுக்குறோம், அது மறுபடியும் தழைச்சு வருது. துளசிக்கும் அதே வைத்தியம்தான். நுனிக்குருத்துல இருந்து ஆக்ஸின்னு ஒரு ஹார்மோன் கீழ இறங்கி, பக்கத்து மொட்டுகளைத் தலைதூக்க விடாது. டீம் லீடு அசையாம உக்காந்திருக்கிற வரைக்கும் கீழ இருக்கிறவனுக்கு ப்ரமோஷன் கிடையாதுல்ல, அது மாதிரி :-) நுனியைக் கிள்ளிட்டா அதுக்குக் கீழ இருக்கிற ஜோடி இலை இடுக்குல இருந்து ரெண்டு கிளை வரும். கிள்ளாம விட்டா பூக்கும், விதை கட்டும். விதை கட்டிட்டா, வந்த வேலை முடிஞ்சதுன்னு செடி ஓய ஆரம்பிச்சிடும்.

ஞாயித்துக்கிழமை பறிக்கக் கூடாது, ஏகாதசி, துவாதசியில கூடாது, பொழுது சாஞ்சா கூடாதுன்னு பெரியவங்க சொன்னாங்க, சரி. மத்த நாள்ல பறிக்கலாம்னுதானே அதுக்கு அர்த்தம்? நாமதான் அதைப் 'பறிக்கவே கூடாது'ன்னு மாத்திட்டோம். ஸ்ரீவில்லிபுத்தூர்ல பெரியாழ்வார் நந்தவனம் வச்சு, பறிச்சு மாலை கட்டினவர். ஆண்டாளே துளசிச் செடிக்குக் கீழ கிடைச்ச குழந்தைன்னுதான் சொல்றாங்க. அந்தத் தோட்டத்துத் துளசியெல்லாம் யாரும் கைபடாம வளர்ந்ததா என்ன?

அந்தச் செடியோட காஞ்ச கதிரை உள்ளங்கையில கசக்கினேன். கடுகை விடச் சின்னதா விதை. முதல் தடவை சொதப்பல்: ஆர்வத்துல நிறைய தண்ணி தெளிச்சு, முளைச்ச நாத்தெல்லாம் அடி அழுகிச் சாஞ்சிடுச்சு. அம்மா மாதிரிதானே பிள்ளையும்! ரெண்டாவது தடவை செம்மண், மணல், மண்புழு உரம் கலந்து, விதையை மேலாகத் தூவி, ஈரம் காயாம மட்டும் பாத்துக்கிட்டேன். பத்து நாள்ல முளைச்சுது. ஆறு இலை வந்ததும் ஓட்டை போட்ட தொட்டிக்கு மாத்தினேன். தட்டை எடுத்துத் தூரப் போட்டாச்சு. அஞ்சாறு மணி நேரமாவது வெயில் படுற மூலை. விரலை மண்ணுல விட்டுப் பாத்து, காஞ்சிருந்தா மட்டும் தண்ணி.

அம்மாவைக் கிள்ள வைக்கிறதுதான் பெரும்பாடு. ஒரு நாள் அந்தப் பழைய செடியோட கட்டைத் தண்டைக் காட்டி, "இதுக்கு வயசாயிடுச்சும்மா, அவ்ளோதான். நீயும் காரணமில்ல, அப்பா நெஞ்சுவலிக்கு இதுவும் காரணமில்ல"ன்னேன். பதில் பேசல. தண்டைக் கையில வாங்கி ரொம்ப நேரம் பாத்துக்கிட்டிருந்தாங்க. மறுநாள் காலைல புதுச்செடியில ஒரு நுனி காணோம். சாமி படத்துக்கிட்ட இருந்துச்சு.

இப்ப செடி புதர் மாதிரி இருக்கு. கதிர் எட்டிப் பாத்தா எனக்கு முன்னாடி அம்மாவே கிள்ளிடுறாங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் என்னைக் கிட்ட விட மாட்டேங்கிறாங்க. சரி, செடிக்கும் வீக்லி ஆஃப் வேணும்ல :-)