கொட்டிலுக்கு வரும் புது ஆடு

யாழ்ப்பாணத்தில் மாடு தீன் எடுக்காவிட்டால் முன்பெல்லாம் ஆள் அனுப்புவது மாட்டுப் பரியாரியாருக்குத்தான். மாட்டு வாகடமும் கைப்பழக்கமும் அவருக்குத் துணை. வயிற்றுப் பொருமல், சுளுக்கு என்றால் அவர் கைகொடுப்பார். வெக்கை நோய் என்றால் அவருக்கும் வழியில்லை, கொட்டிலே வெறுமையாகிவிடும்.

சகோதரிகளே! சுமார் நாற்பது ஆண்டுகள் இலங்கையில் இல்லாதிருந்த அந்நோய் 1987இல் மீண்டும் வந்தது. இந்திய அமைதிப்படையின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளே அதை வடக்கு, கிழக்குக்குக் கொண்டுவந்தன என்பது கால்நடை மருத்துவர்களின் முடிவு. ஆட்டில் இந்நோய் பெரும்பாலும் வெளியே தெரியாது; பக்கத்தில் கட்டிய மாடுதான் சாகும். வந்தபின் மருந்தில்லை, முன்கூட்டிப் போடும் தடுப்பூசியே காவல். போர் நடந்த ஊர்களில் அதைக் கொட்டில் கொட்டிலாகக் கொண்டுசேர்ப்பது இலேசான காரியமா? ஆயினும் 1994க்குப் பின் இலங்கையில் அந்நோய் இல்லை. 2011இல் உலகை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

ஆனால் கால், வாய் நோய் போன்றவை இன்னும் ஒழியவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வாங்கும் ஆட்டை உடனே வீட்டு மாட்டோடு கட்டாதீர்கள். சில வாரம் தள்ளிக் கட்டுங்கள். தண்ணீர்ச் சட்டியும் வேறாக இருக்கட்டும். வாயில் புண்ணோ, கழிச்சலோ கண்டால் கால்நடை மருத்துவருக்குச் சொல்லியனுப்புங்கள். அவர் வருமுன் நோயைக் காண்பது, தினமும் தவிடு கரைத்து வைக்கும் உங்கள் கண்தானே!