அமைதியான ஏரியா... யாருக்கு அமைதி?

‘ஏற்காடு மலை வியூ, மாசில்லாத காற்று, சத்தமே இல்லாத ஏரியா, புது பஸ் ஸ்டாண்டிலிருந்து பதினைந்தே நிமிடம்!’ சேலத்தைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் இப்படி ஒரு விளம்பரப் பலகை கண்ணில் படும். கன்னங்குறிச்சி, அயோத்தியாப்பட்டணம், ஓமலூர் சாலை, நாமக்கல் போகிற வழி என்று எல்லா திசையிலும் கல் நட்டு, கொடி கட்டி, மனைகள் காத்திருக்கின்றன.

வாங்குகிறவர்கள் யார்? பல வீடுகளில் கதை ஒன்றுதான். பிள்ளைகள் பெங்களூரிலோ லண்டன் பக்கமோ வேலையில் இருப்பார்கள். அப்பா ரிட்டயர் ஆகியிருப்பார். அம்மாவுக்கு மூட்டுவலி. ‘அந்த நெரிசல் சந்துல ஏன் கஷ்டப்படறீங்க? அமைதியா ஒரு இடத்துல வீடு வாங்கிடலாம்’ என்று மகன் போனில் சொல்வான். அவன் அங்கே தினமும் பார்ப்பது இங்கிலாந்தின் புறநகர்த் தெருக்களை. வரிசையாக ஒரே மாதிரி வீடுகள், முன்னால் சின்னத் தோட்டம், சாயங்காலம் ஆறு மணிக்கே அடங்கிவிடும் தெரு. அதே அமைதியைப் பெற்றவர்களுக்கும் வாங்கித் தர நினைக்கிறான். ஆசையில் தப்பே இல்லை. ஆனால், அந்த அமைதிக்குப் பின்னால் அங்கே என்னென்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அங்கே ஒரு கேள்வி உண்டு

இங்கிலாந்தில் வீடு விற்பவர் வழக்கமாக ஒரு நீண்ட படிவத்தை நிரப்பித் தருவார். ‘பக்கத்து வீட்டாரோடு தகராறு ஏதாவது உண்டா? புகார் ஏதும் வந்திருக்கிறதா?’ என்று அதில் கேட்டிருப்பார்கள். பொய் எழுதினால், பிறகு நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடலாம். வாங்குபவரின் வழக்கறிஞர் உள்ளாட்சி அலுவலகப் பதிவுகளைத் தேடிப் பார்ப்பார். பலர் தனியாக ஒரு சர்வேயரையும் வைத்துக்கொள்வார்கள். நம் ஊர் சர்வேயர் நிலத்தை அளப்பார். அங்கே அவர் கூரை, சுவர், ஈரம், விரிசல் வரை பார்த்து அறிக்கை தருவார்.

நம் ஊரில் அப்படி ஒரு படிவம் கிடையாது. ‘இங்கே ராத்திரி தூங்க முடியுமா?’ என்று விற்பவரிடம் எந்தக் காகிதமும் கேட்பதில்லை. நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும், நாலு பேரிடம் கேட்க வேண்டும்.

மூன்று முறை போங்கள்

புரோக்கர் உங்களை ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குத்தான் கூட்டிப் போவார். அந்த நேரத்தில் எந்த ஏரியாவும் அமைதியாகத்தான் இருக்கும். அதனால் புரோக்கர் இல்லாமல் மூன்று முறை போங்கள்.

முதல் முறை, வேலை நாளில் ராத்திரி பத்து மணிக்குமேல். நம் பக்கம் விசைத்தறி பூமி. அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி, திருச்செங்கோடு, பள்ளிபாளையம் என்று தறிச் சத்தம் கேட்டே வளர்ந்தவர்களுக்கு அது தாலாட்டு. புதிதாக வருகிறவர்களுக்குத் தலைவலி. பட்டறைகளும் நான்குவழிச் சாலையும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதும் ராத்திரியில்தான் காதுக்குத் தெரியும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் இருக்கலாம் என்று 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. ஆனால், வீடு வாங்கிய பிறகு புகார் எழுதிக்கொண்டிருப்பதைவிட, வாங்கும் முன் ஒரு மணி நேரம் நின்று கேட்பது சுலபம்.

இரண்டாவது முறை, காற்று அடிக்கும் திசை பார்த்து. நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணைகள், சேலம், ஆத்தூர், ராசிபுரம் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள். இவைதான் நம் மண்ணின் சோறு. குறை சொல்ல முடியாது. ஆனால், பண்ணைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களைக் கேளுங்கள், ஈக்களைப் பற்றி ஒரு புராணமே சொல்வார்கள். மரவள்ளி அரைக்கிற பருவத்தில் ஆலைக் கழிவுநீர் வாடை எவ்வளவு தூரம் வரும் என்பது, ஆலை மூடியிருக்கும் மாதத்தில் போனால் தெரியவே தெரியாது.

மூன்றாவது முறை, நல்ல மழை பெய்த மறுநாள். திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் நகருக்குள் ஓடி, நாமக்கல் மாவட்டம் போய்க் காவிரியில் சேர்கிறது. அதற்கு வரும் ஓடைகளும் ஏரி வாய்க்கால்களும் நிறைய. கோடையில் காய்ந்து கிடக்கும் வாய்க்கால், மனைக் கல் நட்ட பிறகு தெருவாகத் தெரியும். மழைக்குத் தன் வழி மறக்காது.

தண்ணீர் கதை

திருச்செங்கோட்டு போர் வண்டிகள் நாடு முழுக்கப் போகின்றன. ஆனால், நம் ஊரிலேயே போர் போட்டால் தண்ணீர் வரும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. கீழே இருப்பது கெட்டிப் பாறை. அதன் வெடிப்புகளில்தான் தண்ணீர் நிற்கும். பக்கத்து மனையில் வந்தது உங்கள் மனையில் வராமல் போகலாம். வந்தாலும் உப்புத் தண்ணியாக இருக்கலாம். சில இடங்களில் ஃப்ளோரைடும் இருக்கும். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பரிசோதித்துக்கொள்ளலாம். காவிரித் தண்ணீர் இணைப்பு உண்டா, எத்தனை நாளுக்கு ஒரு முறை விடுகிறார்கள் என்பதைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். சரியான பதில் அவரிடம்தான் கிடைக்கும்.

காகிதம் பேசட்டும்

வில்லங்கச் சான்றை 30 வருடங்களுக்காவது போட்டுப் பாருங்கள். பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறதா, கூட்டுப் பட்டாவா என்று பாருங்கள். புலப்படத்தை வாங்கி, ஓடையோ ஏரிப் புறம்போக்கோ ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், 2016-ம் ஆண்டு ரெரா சட்டப்படி பதிவு எண் இருக்க வேண்டும். ‘அப்ரூவல் வந்துக்கிட்டே இருக்கு’ என்றால், வந்த பிறகு வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள்.

லே-அவுட் வரைபடத்தில் ‘பூங்கா’ என்று ஒரு கட்டம் இருக்கும். அந்த இடம் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்கப்பட்டதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால், இன்றைய பூங்கா நாளைக்கு விற்பனைக்கு வரலாம்.

செலவையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 50 லட்ச ரூபாய் வீட்டுக்கு அதுவே நாலரை லட்சம். 2025 ஏப்ரல் முதல், 10 லட்ச ரூபாய்க்குள் உள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைவு. சின்ன மனை வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

கடைசியாக, ஒரு கேள்வி

இத்தனையும் சரியாக இருக்கிறது என்று வையுங்கள். சத்தம் இல்லை, வாடை இல்லை, தண்ணீர் இனிக்கிறது, பத்திரம் சுத்தம். அப்போதும் ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த வீட்டில் இருக்கப் போகிற இரண்டு பேரைக் கேட்டீர்களா?

முப்பது வருடம் ஒரே தெருவில் இருந்தவர்களுக்கு, பால்காரர் குரல், கோயில் மைக், எதிர்வீட்டுச் சண்டை எல்லாம் சேர்ந்ததுதான் பாதுகாப்பு. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் கதவைத் தட்ட ஒரு வீடு வேண்டும். இருபது மனைக்கு மூன்று வீடு மட்டும் எழும்பியிருக்கும் லே-அவுட்டில் யார் கதவைத் தட்டுவது? அரசு மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம்? கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு? மருந்துக் கடைக்கு அம்மா நடந்தே போக முடியுமா?

இங்கிலாந்துத் தெரு அமைதியாக இருக்கிறது என்றால், அதன் முனையில் பஸ் நிற்கிறது, கடை இருக்கிறது, டாக்டர் இருக்கிறார் என்பதும் அதற்கு ஒரு காரணம். நம் பக்கம் தெரு முதலில் வருகிறது, மற்றதெல்லாம் பத்து வருடம் கழித்து வருகிறது. அறுபத்தைந்து வயதில் பத்து வருடம் காத்திருக்கச் சொல்வது நியாயமா?

அதனால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். அந்த ஏரியாவிலேயே ஒரு வாடகை வீடு பிடித்து, அப்பா அம்மாவை மூன்று மாதம் இருக்கச் சொல்லுங்கள். வாடகைப் பணம் வீண் என்று தோன்றும். ஆயுள் சேமிப்பைப் போடும் முன் அது ரொம்பச் சின்னத் தொகை. மூன்று மாதம் முடிந்து அவர்களே ‘இங்கேயே இருந்துக்கறோம்’ என்றால், அன்றைக்குப் பத்திரம் எழுதலாம்.