நேர்முகத் தேர்வும் இரசாயனப் பொறியியல் பட்டதாரியும்

பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் பலவற்றில், ‘கேட்’ தேர்வின் மதிப்பெண்ணை மட்டும் கொண்டு இரசாயனப் பொறியியல் பட்டதாரி வேலை பெற்றுவிட இயலாது. குழு விவாதமும் நேர்முகத் தேர்வும் எஞ்சியிருக்கின்றன. இவற்றுக்கெனக் கல்லூரிகள் அளிக்கும் பயிற்சியோ பெரும்பாலும் உடையைப் பற்றியும் கைகுலுக்கும் முறையைப் பற்றியுமே அமைந்துவிடுகிறது. அதனால் கேடில்லை, பயனும் அதிகமில்லை.

கொதிநிலையை அண்டிய திரவத்தை இறைக்கும் பம்பு, சரளைக் கற்களை அரைப்பது போல் ஏன் இரைகிறது என்று தேர்வாளர் வினவுகிறார். உறிஞ்சு வாயில் அழுத்தம் ஆவியழுத்தத்துக்குக் கீழே இறங்குவதால் குமிழிகள் தோன்றுகின்றன. அவை பின்னர் நொறுங்கிச் சுழலியை அரிக்கின்றன. இவ்வளவும் மாணவர் ஒப்பித்துவிடுவர். ‘அப்படியாயின் என்ன செய்வீர்?’ என்ற அடுத்த வினாவில்தான் நா எழுவதில்லை. தொட்டியை உயர்த்தலாம், உறிஞ்சு குழாயை அகலமாக்கலாம், திரவத்தைச் சற்றே குளிர்விக்கலாம். ஆய்வுக்கூடத்துப் பம்பின் உறிஞ்சு வால்வை ஆசிரியர் ஒருமுறை மெல்ல மூடிக் காட்டியிருந்தால், அவ்வொலியை மாணவர் மறப்பாரா?

பாதுகாப்பைப் பற்றிய வினாவுக்கு மனனம் செய்த விடை சிறிதும் உதவாது. போபாலில் 1984 டிசம்பரில் மீதைல் ஐசோசயனேட் தொட்டியினுள் நீர் புகுந்தபோது, அதன் குளிரூட்டும் சாதனம் முன்னரே நிறுத்தப்பட்டிருந்தது. புதிதாகச் சேரும் இளைஞர், ‘இது ஏன் நிறுத்தப்பட்டிருக்கிறது?’ என மேலதிகாரியைக் கேட்பாரா? தேர்வாளர் அறிய விழைவது இதுவே. வகுப்பில் வினா எழுப்புபவரை உட்காரவைத்துவிடும் ஆசிரியர், அம்மாணவர் ஆலையில் வாய்திறப்பார் என எங்ஙனம் எதிர்பார்ப்பது?