மளிகைச் சாமானோட வலி மாத்திரை

சீத்தா கேம்ப்புக்கு போன் போட்டா, நலம் விசாரிச்ச கையோட வர்ற பேச்சு முட்டிவலிதான். 1976-ல, எமர்ஜென்சி நேரத்துல, ஜனதா காலனியை இடிச்சு இங்க கொண்டுவந்து விட்டப்ப இளவட்டமா இருந்தவங்களுக்கு இப்போ எழுபது தாண்டியாச்சு. தண்ணி சுமந்து, மோரியில குத்தவெச்சுப் பாத்திரம் தேய்ச்சு, ஏணிப்படி ஏறி இறங்கின முட்டி. வலிக்காம என்ன செய்யும்?

என் ஆதங்கம் வேற. அரிசி பருப்போட டைக்ளோபெனாக்கும் மாசச் சாமான் ஆயிடுச்சு. எங்க சித்தி காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு போட்டுட்டுத்தான் நடமாடுறாங்க. இந்தியச் சட்டப்படி இது டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாத மருந்து. ஆனா கடையில யாரு சீட்டு கேக்குறா? நான் இருக்கற இங்கிலாந்துல, இதயத்துக்கு ஆபத்துன்னு 2015 ஜனவரியிலயே டைக்ளோபெனாக் மாத்திரையைச் சீட்டு இல்லாம விக்கறதை நிறுத்திட்டாங்க.

விஷயம் இதுதான். வீக்கத்தையும் வலியையும் கூட்டுற புரோஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையோட உள்தோலையும் காப்பாத்துது, சிறுநீரகத்துக்கு ரத்தம் போகவும் உதவுது. மாத்திரை அதை அடக்கும்போது மூணையும் சேர்த்துத்தான் அடக்கும். வயித்துல வலியே தெரியாம புண்ணாகி ரத்தம் கசியலாம்; மலம் தார் மாதிரி கறுப்பாப் போனா உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும் சாப்பிடறவங்களுக்கு சிறுநீரகம் இன்னும் சீக்கிரம் அடிவாங்கும். இவ்வளவுக்கும் தேஞ்ச எலும்பு மூட்டு திரும்ப வளரப் போறதில்லை.

மாத்திரையே வேணாம்னு சொல்லல. வலி கூடுற சில நாளைக்கு, குறைஞ்ச அளவுல, டாக்டர் சொன்னா சரி. தேய்மானத்தால வர்ற முட்டிவலிக்கு அதே மருந்தை ஜெல்லாத் தடவலாம். ரத்தத்துல கலக்குறது ரொம்பக் கம்மி. தொடைத் தசைக்குப் பயிற்சி, மோரியில உக்கார ஒரு ஸ்டூல், இதுவும் வைத்தியம்தான். காலையில விரல் மடக்க முடியாம ஒரு மணி நேரத்துக்கு மேல இறுகிக் கிடந்தா அது முடக்குவாதமா இருக்கலாம். அதுக்கு மருந்தே வேற. வலி மாத்திரை நோயை மறைச்சுத்தான் வைக்கும்.

நம்மாளுங்க ஊருக்குப் போறப்ப கோடாலித் தைலத்தோட ஐபுப்ரோஃபென் டப்பாவையும் பெட்டியில அடுக்குறாங்க. பாசம்தான், மறுக்கல. அந்தப் பணத்துல ஒரு கிரியேட்டினின் டெஸ்ட் எடுக்க வைங்க. அடுத்த வாட்டி போன் பண்றப்ப, "வலி எப்படிம்மா இருக்கு?"ன்னு கேக்கறதோட நிறுத்தாம, "தினம் என்னென்ன மாத்திரை போடறீங்க? அட்டையை எடுத்துப் படிங்க"ன்னு கேளுங்க.