சத்து மாத்திரையும் குருட்டு நம்பிக்கையும்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் ஜனங்கள் சொல்லுவார்கள். அமிர்தம் என்பது புராணப் புளுகு. ஆனால் மிஞ்சியது நஞ்சாகும் என்பது புளுகல்ல.

2023-ம் வருஷம் மார்ச்சு மாதம் உதகமண்டலத்தில் நடந்த சங்கதியே இதற்குச் சாட்சி. அங்கு ஒரு நகராட்சிப் பள்ளிக்கூடத்தில், வாரத்திற்கு ஒன்று வீதம் தின்ன வேண்டிய இரும்புச்சத்து மாத்திரைகளை, யார் அதிகம் விழுங்குவது என்று பிள்ளைகள் போட்டி போட்டு விழுங்கினார்கள். ஆறு பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். எட்டாம் வகுப்பில் படித்த 13 வயதுப் பெண்குழந்தை ஒன்று, கோயமுத்தூரிலிருந்து சென்னைக்குக் கொண்டுபோகும் வழியில் மாண்டு போயிற்று.

இது விதியா? தலையெழுத்தா? இல்லவே இல்லை. மிஞ்சிய இரும்பை வெளியே தள்ளச் சரீரத்தில் தனி வழி கிடையாது. அது குடலைப் புண்ணாக்கி, ஈரலையும் கெடுத்துவிடும். இந்த ஒரு விஷயம் அந்தப் பிள்ளைகளின் மனதில் பதிந்திருந்தால் போட்டி நடந்திருக்குமா என்று கேட்கின்றோம்.

“சத்துதானே, கூடினால் என்ன கெடுதி?” என்று எரியோடு கடைத்தெருவிலும் தோழர்கள் கேட்கக்கூடும். சி வைட்டமின் மிஞ்சினால் பெரும்பாகம் மூத்திரத்தில் போய்விடும். கொடுத்த காசும் அதோடு போகும். ஏ, டி வைட்டமின்களோ சரீரத்திலேயே தங்கிவிடும். ஏ மிஞ்சினால் ஈரலும், கர்ப்பிணியின் வயிற்றிலுள்ள சிசுவும் கெடும். டி மிஞ்சினால் இரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து ஏறிச் சிறுநீரகம் பழுதாகும்.

மாத்திரையே கூடாது என்பது நமது அபிப்பிராயமல்ல. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப்பேருக்குமேல் இரத்தசோகை இருக்கின்றது. பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு மாத்திரை கொடுப்பது நல்ல ஏற்பாடே. ஆனால் ஆண்கள் தின்று மிச்சம் வைத்ததைத்தான் பெண்கள் தின்ன வேண்டும் என்கின்ற வழக்கத்தை வீட்டில் வைத்துக்கொண்டு, மாத்திரையால் மட்டும் இரத்தம் ஊறிவிடுமா?

தாயத்தை அறுத்தெறிந்துவிட்டு, அதே குருட்டு நம்பிக்கையை டானிக் புட்டியின்மேல் வைப்பது பகுத்தறிவாகாது. ஆகவே தோழர்களே! எவர் எந்த மாத்திரையைக் கொடுத்தாலும், இது என்ன, எதற்கு, எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். பதில் சொல்ல மாட்டாதவரிடம் வாங்காதீர்கள். வாங்கியதைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். ஏன் எட்டாமல் வைக்கின்றீர்கள் என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.